காணாமல் போன பெண்கள் பெஞ்சு

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"

நான் இதை எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பதிவாளர் அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் பார்வையாளர் கூடம் அது. நூற்றாண்டு விழா வருகிறது என்று சுவர், கதவு, பூந்தொட்டி, கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். நான் அசையாமல் நின்றால் எனக்கும் ஒரு கோட் விழும் என்று பயந்துதான் உட்கார்ந்தேன். சுவரோரமாகப் போட்டிருந்த மர பெஞ்சுகள் பாலிஷ் வாசனையோடு பளபளத்தன. கடைசி பெஞ்சில் நாங்கள் இருவரும் இருந்தோம். என் கையில் டீ, இன்னொரு கையில் ஸ்கூட்டர் சாவி. பொழுது போகாமல், பெஞ்சின் ஓரத்தில் மக்குப் பசை வைத்து அடைத்திருந்த ஒரு சின்னப் புள்ளியைச் சாவி முனையால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். இன்சூரன்ஸ் கம்பெனியில் எரியாத கடைக்கும் தொலையாத லாரிக்கும் பணம் கேட்டவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். வேலை வெட்டி இல்லாத என்னை என்ன செய்வது என்று குடும்பமே கூடி யோசித்தபோது, "எங்கிட்ட விடுங்க, இவன் வாய்க்கு ஒரு வேலை இருக்கு" என்று கூட்டிக்கொண்டாள். வாய்க்கு வேலை இருந்தது. காதுக்கும், அவள் திட்டுவதைக் கேட்கும் வேலை சேர்ந்துகொண்டது.

கேஸ் நேற்றுக் காலை வந்தது. ஒரு மாமியார் கொண்டுவந்தார்.

"எங்க மாப்பிள்ளை திருடன் இல்லம்மா" என்று உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் அக்கா.

"திருடறதுக்குச் சாமர்த்தியம் வேணும். அவருக்கு நேரா ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. கல்யாணம் ஆன நாளா இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் வாயைக் கெடுத்துக்கிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அழுதார்.

மாப்பிள்ளை பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு வாட்ச்மேன். அந்தக் கட்டடத்தில்தான் நினைவகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பழைய கோப்பைகள், அங்கிகள், படங்கள் எல்லாம் காப்பாற்றி வைத்திருக்கும் அறை. அதிலே பெரிய பெயர் வாங்கிய பொருள் 'பெண்கள் பெஞ்சு'. முதன்முதலாகப் பெண்களைப் படிக்கச் சேர்த்த வருடம், நாலே நாலு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்களாம். அவர்கள் காம்பஸ் முனையால் கீறிய கீறல்கள் அந்தப் பலகை முழுக்க. விழாவில் அதைத்தான் நடுக்கூடத்தில் வைப்பதாக இருந்தது. போன வாரம் அது காணாமல் போனது. அன்று பகல் வேலையில் இருந்தவர் மாப்பிள்ளை.

"சேதி வந்தப்போ அவரு சாப்பிட உட்கார்ந்திருந்தாரு. நான் பரிமாறிக்கிட்டே கேட்டுட்டேன். 'யாருக்கு வித்தீங்க மாப்பிள்ளை'ன்னு. ஒரு வார்த்தை பேசல. கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டாரு. அன்னிலேர்ந்து வீட்ல ஒரு பருக்கை தொடல. என் பொண்ணும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. ஊரு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நான் கேட்டிருக்கலாமா?"

அக்கா தண்ணீர் கொடுத்தாள். "எங்க ஆபீஸை யாரு சொன்னாங்க?"

"அங்க வேலை பார்க்கிற ஒரு பெரிய மனுஷர். தன் பேரு வெளிய வர வேண்டாம்னுட்டாரு. மாப்பிள்ளை மேல அவருக்கு அவ்வளவு பிரியம்."

இன்று மூன்று மணிக்கு விசாரணை. திருட்டு என்று முடிவானால் மாப்பிள்ளைக்கு வேலை போகும், அதோடு போலீஸ். அதற்காகத்தான் காலையிலிருந்து இங்கே காத்துக் கிடக்கிறோம்.

"தம்பி, கொஞ்சம் கப்பை எடுக்கிறீங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியாக, தும்பைப்பூ வெள்ளைச் சட்டையில் ஒருவர். அவர் கையிலும் டீ இருந்தது. நினைவகப் பொறுப்பாளர். மாணவர்கள் வைத்த பெயர் 'கையுறை சார்'. எதைத் தொட்டாலும் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவார் என்று பியூன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எங்களை நினைவகத்துக்கு அழைத்துப் போக வந்திருக்கிறார்.

நான் என் கப்பைப் பெஞ்சில் வைத்திருந்தேன். எடுப்பதற்குள் அவரே தன் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டு, பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டி, என் கப்பைத் தூக்கி, அடியில் படிந்த வட்டத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். பச்சைக் குழந்தையின் வாயைத் துடைப்பது மாதிரி துடைத்தார்.

"பாலிஷ் புதுசு. கறை பிடிச்சுக்கும்" என்றார்.

"சார், டீக்கடையில எப்படி சமாளிக்கிறீங்க?" என்றேன்.

சாவியால் நான் நோண்டிய இடத்தைப் பார்த்தார். மக்கு உதிர்ந்து ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. திட்டு விழும் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உட்காருங்க சார்" என்று அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"பரவாயில்லம்மா. நின்னே பழக்கம்."

அதற்குள் பதிவாளர் அறையிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். கையுறை சார் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெறுங்கையால் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

பதிவாளர் அவசரக்காரர். "வாட்ச்மேனே ஒத்துக்கிட்டாச்சும்மா, மத்தியானம் கண் அசந்துட்டேன்னு. தூங்கினானா, தூங்கிற மாதிரி நடிச்சானா, அதைத்தான் இன்னிக்கு விசாரிக்கப் போறோம். நாலு பேர் சேர்ந்து தூக்கணும் அந்தப் பெஞ்சை. உள்ளாள் இல்லாம எப்படிப் போகும்?"

"அந்த நாலு பேரை யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்க வேண்டிய ஆளுதான் தூங்கிட்டானே" என்றார். அதோடு அவர் நேரம் முடிந்தது.

நினைவகம் ஒரு நீளமான அறை. புது வெள்ளையடிப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் பட்டமளிப்பு அங்கி, நெளிந்த வெள்ளிக் கோப்பை, வகுப்பு மணி, யாரோ ஒரு பேராசிரியரின் உடைந்த மூக்குக்கண்ணாடி. ஒவ்வொன்றையும் காட்டும்போது கையுறை சார் கையுறையை மாட்டினார். காட்டி முடித்து ஜன்னலைத் திறக்கும்போது கழற்றினார். மறுபடி கோப்பை, மறுபடி கையுறை. பார்க்கிற எனக்கே கை வலித்தது.

சுவரில் பெண்கள் பெஞ்சின் பெரிய புகைப்படம் இருந்தது. பலகை முழுக்கக் கீறல். பெயர்கள், ஒரு பூனை, யாரோ வாத்தியாரின் நீள மூக்கு. நட்ட நடுவில் கொட்டை எழுத்தில், 'இன்னும் எவ்வளவு நேரம்?'

"பரம்பரை வியாதிக்கா" என்றேன். "எனக்கு மட்டும் இல்ல."

"உட்கார்ற பலகையில ஏன் சார் கீறினாங்க? மேஜையிலதானே கீறுவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

அதுவரை செத்துக் கிடந்த கையுறை சாரின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. "மேஜையில கீறினா வாத்தியார் பார்த்துடுவார். உட்கார்ற பலகைன்னா மேலேயே உட்கார்ந்துக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாலு பேரும் படு சாமர்த்தியம்." சொல்லும்போதே குரல் இறங்கிப் போனது. "படிப்பு முடிச்சுப் போன அந்த நாலு பேருக்கும் இங்க வேற எந்த அடையாளமும் இல்லம்மா. அது ஒண்ணுதான்."

கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு வெல்வெட் டப்பா. அதற்குள் பித்தளைத் தகடு ஒன்று, இரண்டு திருகாணிகளோடு. தகட்டில் 17 என்று வெட்டியிருந்தது.

"இது?"

"பெஞ்சோட நம்பர். அந்தக் காலத்துப் பெஞ்சு எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு தகடு அடிச்சிருப்பாங்க. பித்தளையில பச்சை பூக்கும், பூத்தா மரத்தை அரிக்கும். அதனால கழட்டிச் சுத்தம் பண்ணி தனியா வச்சேன். முறை அதுதான்."

"எப்போ கழட்டினீங்க?"

"போன மாசம்." உடனே அவர் ஜன்னலை மூடப் போனார். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

வெள்ளையடிக்கிற நாளில் அறையைக் காலி செய்திருக்கிறார்கள். சின்னப் பொருள் எல்லாம் பக்கத்து அறைக்கு, பெஞ்சு மட்டும் வராந்தாவுக்கு. அங்கிருந்துதான் மாயம்.

வாட்ச்மேனைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஒரு வாரமாகியும், வெளிவாசல் மரத்தடியில், வேலையில் இருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் இருக்க முடியவில்லையாம்.

என் வாய் இருக்கிறதே. "தூங்கிறதுக்குச் சம்பளம் தர்ற வேலை எனக்கும் ஒண்ணு இருந்தா சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நான் தூங்கினது நெசம்தான் தம்பி. முந்தின நாள் பொண்டாட்டிக்கு ராத்திரி டூட்டி. புள்ளைக்குக் காய்ச்சல், கண்ணே மூடல. மத்தியானம் சாப்பிட்டதும் அசத்திடுச்சு. திருடல. ஆனா போனது என்னாலதானே? நான் முழிச்சிருந்தா போயிருக்காது. அதனால யாரு திட்டினாலும் எனக்குப் பதில் வரல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கைகட்டி நின்றேன்.

"அத்தைகூட நம்பிட்டாங்க" என்றார். "அதைத்தான் தாங்க முடியல. இங்க எல்லாரும் என்னைப் பார்த்தா அந்தப் பக்கமா போறாங்க மேடம். கையுறை சார் ஒருத்தர்தான். தினம் வந்து பக்கத்துல நின்னு 'சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டுட்டுப் போவாரு. அந்த ஒரு சொல்லுலதான் உசுரு ஓடுது."

அக்கா ஒரு நிமிடம் சும்மா நின்றாள். அவள் சும்மா நின்றால் உள்ளே என்னவோ ஓடுகிறது என்று அர்த்தம்.

"நீங்க தூங்கின நேரத்துல வராந்தாவுல வேற என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு... பழைய வகுப்புப் பெஞ்சுங்க கொஞ்சம் கிடந்துச்சு. ரிப்பேருக்குப் போக வேண்டியது."

அக்கா நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தச்சர் கொட்டகை மைதானத்துக்குப் பின்னால். தச்சர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய பெருமையுமாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலி செய்யச் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"நிர்வாகக் கட்டடத்துல பெஞ்சுங்களைப் பார்த்தீங்களா? நம்ம கைவேலை. குப்பையா கிடந்ததுங்க. இப்போ குனிஞ்சா முகம் தெரியும்."

"பார்த்தோம், உட்கார்ந்தோம்" என்றேன். "பேன்ட்கூடப் பாலிஷ் ஆயிடுச்சு."

"வராந்தாவுல இருந்த பெஞ்சுங்கதானே?" என்றாள் அக்கா.

"அதேதான். 'பழசு எல்லாத்தையும் எடு, பதினேழாம் நம்பரை மட்டும் தொடாதே, அது நினைவகத்துது'ன்னாங்க. நான் முறையான ஆளும்மா. ஒவ்வொண்ணா தகடு பார்த்தேன். பதினேழு இல்லவே இல்ல. சரி, முன்னாடியே உள்ள தூக்கி வச்சுட்டாங்க போலன்னு மிச்சத்தை எடுத்துட்டு வந்துட்டேன். வாட்ச்மேன் நல்லா அசந்து தூங்கிட்டிருந்தாரு. பாவம், எதுக்கு எழுப்பணும்னு சத்தம் போடாம தூக்கினோம்."

"அப்புறம் உங்களை யாரும் விசாரிக்கலையா?"

"விசாரிச்சாங்களே. 'பதினேழாம் நம்பர் பெஞ்சைப் பார்த்தியா'ன்னாங்க. பார்க்கலைன்னேன். பார்க்கலைதானே?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "தகடே இல்லாத பெஞ்சு ஏதாவது இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு. ஓரத்துல ரெண்டு ஓட்டை மட்டும். மக்கு வச்சு அடைச்சேன். பலகை பூரா எவனோ காம்பஸால கிறுக்கித் தள்ளியிருந்தான். இழைச்சு இழைச்சு..." கை தானாக இழைப்புளி தள்ளுவது போலக் காட்டியது. பாதியில் கை நின்றது. மீசை தொங்கிப் போனது. "அம்மா, அதுவா?"

அக்கா தலையாட்டினாள். தச்சர் மரக்கட்டை மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு ஆக்கினேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் பெருமையாகச் சொன்ன அதே பேச்சு.

காலையில் நான் டீ வைத்தது, சாவியால் நோண்டியது, எல்லாம் அந்தப் பெஞ்சில்தான். ஊரே தேடுகிற பொருளின் மேல் உட்கார்ந்துகொண்டு 'இன்னும் எவ்வளவு நேரம்' என்று கேட்டிருக்கிறேன். இந்தக் கேஸில் குற்றவாளியைத் தேடிப் போனால் வழியெல்லாம் குற்றவாளிகள். மாமியார், வாட்ச்மேன், தச்சர், இப்போது நான்.

"ஆனா திருட்டே இல்லைக்கா" என்றேன் வெளியே வந்ததும். "நடந்தது விபத்து. ஓடிப் போய்ப் பதிவாளர்கிட்டச் சொல்லிடலாம். அண்ணனுக்கு வேலை கிடைச்சுடும். கேஸ் முடிஞ்சுது."

"பெஞ்சு போனது விபத்துதான்" என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் ஒரு வாரம் ஒரு மனுஷனைத் திருடனா நிக்க வச்சது விபத்து இல்ல."

"யாரு நிக்க வச்சா? யாருக்கும்தான் தெரியாதே."

"காலையில உன் கப்பை யாரு எடுத்தா?"

நான் நடையை நிறுத்திவிட்டேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கூடத்துக்குத் திரும்பினோம். விசாரணைக்கு வாட்ச்மேனை உள்ளே கூப்பிட்டாகிவிட்டது. மாமியார் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலோர பெஞ்சில் இருந்தார். தினமும் கொண்டுவருகிறாராம். தினமும் அப்படியே திரும்பிப் போகிறதாம். கையுறை சார், காலையில் நாங்கள் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தார். சாட்சி சொல்ல அவரையும் அழைத்திருந்தார்கள்.

அக்கா அதே பெஞ்சின் முனையில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் தட்டினாள். "உட்காருங்க சார்."

"பரவாயில்லம்மா."

"டீயை வெறுங்கையால குடிச்சீங்க. கதவை வெறுங்கையால திறந்தீங்க. ஜன்னலையும் அப்படித்தான். இவன் கப்பை இந்தப் பெஞ்சுலேர்ந்து எடுக்க மட்டும் கையுறை போட்டீங்க. நினைவகத்துப் பொருளைத் தவிர வேற எதுக்கும் நீங்க கையுறை போட மாட்டீங்க சார்."

அக்கா பெஞ்சின் ஓரத்தை விரலால் தடவினாள். நான் தோண்டிய ஓட்டையும், பக்கத்தில் அடைபட்ட இன்னொன்றும்.

"வெல்வெட் டப்பாவுல இருக்கிற திருகாணி ரெண்டும் இதுல சரியா உட்காரும். எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்." என்றார். "எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"இங்க கொண்டுவந்து போட்ட அன்னிக்கே. பின்னங்கால்ல ஒரு முடிச்சு இருக்கும். இருட்டுல தொட்டாக்கூட அடையாளம் தெரியும் எனக்கு. குனிஞ்சு பார்த்தேன். அதேதான். மேல பார்த்தேன், ஒண்ணுமே இல்ல. பூனை இல்ல, மூக்கு இல்ல. இத்தனை வருஷம் ஒரு தூசு விழாம பார்த்துக்கிட்டேன்மா."

"சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சொல்லத்தான் பதிவாளர் ரூமுக்குப் போனேன் தம்பி. அங்க வாட்ச்மேனை மறுபடி கூப்பிட்டு நிக்க வச்சுத் திட்டிக்கிட்டிருந்தாங்க. அவன் 'நான் தூங்கிட்டேன், என் தப்புதான்'னு அழுதுக்கிட்டிருந்தான். தகட்டைக் கழட்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னு பதிவாளர் அப்பவே சொன்னாரு. நான்தான் அவருக்குப் பாடம் எடுத்தேன், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுன்னு. அதை நினைச்சு ஒரு நிமிஷம் தயங்கினேன். அந்த ஒரு நிமிஷம் போச்சு, அப்புறம் வாயே வரல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நம்பரைப் பத்திரமா வச்சுட்டுப் பெஞ்சைத் தொலைச்ச முட்டாள்னு என்னைச் சொல்லுவாங்களே, அதுக்குப் பயந்துட்டேன்."

"இந்த அம்மாவை எங்ககிட்ட அனுப்பினது நீங்கதானே?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. கையுறை சார் மாமியார் இருந்த பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார்.

"நீங்களா கண்டுபிடிச்சிட்டீங்கன்னா, நானா சொல்ல வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன்."

"நாங்க வராம இருந்திருந்தா?"

அவர் குனிந்து பெஞ்சின் பின்னங்காலைப் பார்த்தார்.

"யாராவது வந்து கண்டுபிடிக்கட்டும்னு நீங்க காத்திருந்தீங்க. அதுவரைக்கும் அவரு மரத்தடியில பட்டினியா உட்கார்ந்திருந்தாரு."

"தினம் போய்க் கேட்டேன்மா. சாப்பிட்டியான்னு."

"கேட்டீங்க" என்றாள் அக்கா. "அவரு ஏன் சாப்பிடலைன்னு தெரிஞ்சேதான் கேட்டீங்க."

அவர் முகம் சிறுத்துப் போனது. எனக்கே அந்த நேரம் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மாமியார் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தபோது அந்தப் பாவமும் பறந்தது.

கதவு திறந்து பியூன் எட்டிப் பார்த்தார். "நினைவக சாரைக் கூப்பிடறாங்க."

அக்கா எழுந்தாள். "நான் வந்து சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவர் பையிலிருந்து கையுறையை எடுத்தார். போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

கதவுக்கு வெளியே எங்களுக்கு ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. ஒரே குரல், தாழ்ந்த குரல், விட்டு விட்டுப் பேசியது. பிறகு பதிவாளர் சத்தம் போட்டார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் கை என்றுகூட அவர் பார்க்கவில்லை.

முதலில் வாட்ச்மேன் வெளியே வந்தார். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. பின்னாலேயே கையுறை சார் வந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னை மன்னிச்சுடுப்பா."

வாட்ச்மேன் குரலில் கோபமே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் கேட்கிற எங்களுக்காவது தேவலை.

"எல்லாரும் திருடன்னு சொன்னப்போ உங்க ஒருத்தரைத்தான் சார் மனுஷன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி மாமியாரிடம் வந்தார். அந்த அம்மா எழுந்து நின்றார். டப்பாவைப் பாதி வரை நீட்டினார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

"நீங்களும் சாப்பிடலைதானே அத்தை?"

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். வாட்ச்மேன் டப்பாவை வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்து, கைக்கு எட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, பக்கத்தில் அத்தைக்கு இடம் விட்டார். கடைசி பெஞ்சு. அது எந்தப் பெஞ்சு என்று இப்போது அவருக்கும் தெரியும். இருந்தும் அதில்தான் உட்கார்ந்தார்.

மாமியார் மூடியில் போட்டுக் கொடுத்த முதல் வாயை அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அழுதார். குழம்பு ஒரு சொட்டு பலகையில் விழுந்தது. கையுறை சாரின் கை தானாகப் பைக்குப் போனது. பை காலி. கையுறை, இலை விரித்த மாதிரி, டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

நான் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அது இனி என் கையில் இருப்பது யாருக்கும் நல்லதில்லை. அக்கா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

கையுறை சார் மட்டும் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.